அமெரிக்கப் படையில் இருந்தவருக்குப் புரோஸ்டேட் புற்றுநோய்: திருகோணமலையில் இருந்துகொண்டே வி.ஏ. நட்டஈடு கேட்கலாமா?

உப்புவெளித் தம்பி:

வணக்கம். எங்கட மாமா அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர், அங்க தரைப்படையில் இருந்தவர். 2003-ல் குவைத்திலும் பிறகு ஈராக்கில் பலாட் முகாமிலும் வேலை. மரியாதையான விடுவிப்பு. இப்ப உப்புவெளியில் மாமியோட இருக்கிறார், வயது 63. பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட்டுக்கான இரத்தப் பரிசோதனை) 14 என்று வந்து, பயொப்சி எடுத்ததில் புற்றுநோயின் தீவிரத்தைக் காட்டும் கிளீசன் எண் 4+3. ஹோர்மோன் ஊசி தொடங்கியாச்சு. கதிர்ச் சிகிச்சைக்கு மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் பதிஞ்சிருக்கு.

வி.ஏ.யிடம் (அமெரிக்க முன்னாள் படையினர் விவகாரத் திணைக்களம்) இவர் இதுவரை ஒன்றுக்கும் விண்ணப்பிக்கவில்லை. படையை விட்டு இவ்வளவு காலத்துக்குப் பிறகு வந்த வருத்தத்துக்கு நட்டஈடு கேட்கலாமா? இங்க இருந்தே செய்யலாமா, அமெரிக்கா போகத்தான் வேணுமா? இங்கத்தைய ஆஸ்பத்திரிக் கடதாசிகளை ஏற்பார்களா? கொழும்பில் ஒருவர் “வாற காசில் கால்வாசி தந்தால் எல்லாம் முடிச்சுத் தாறன்” என்கிறார். அவரிடம் கொடுக்கலாமா?

கோணமலை:

தம்பி, கேட்கலாம். அமெரிக்கா போகத் தேவையில்லை. கால்வாசி கேட்கிறவரிடம் ஒரு கடதாசியும் கொடுக்க வேண்டாம், மாமாவின் சமூகப் பாதுகாப்பு இலக்கத்தைச் சொல்லவே வேண்டாம். முதல் விண்ணப்பத்தைத் தயாரித்துக் கொடுப்பதற்குக் காசு வாங்க அமெரிக்கச் சட்டம் ஒருவரையும் விடுவதில்லை. வி.ஏ. அங்கீகரித்த வழக்கறிஞர்கூட முதல் தீர்ப்பு வந்த பிறகு, அதை எதிர்த்துப் போகும்போதுதான் கட்டணம் பேசலாம். டி.ஏ.வி., அமெரிக்கன் லீஜன், வி.எஃப்.டபிள்யூ. போன்ற முன்னாள் படையினர் சங்கங்களின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் ஒரு சதமும் வாங்காமல் செய்து தருவார்கள். 21-22 படிவத்தில் கையெழுத்து வைத்து அவர்களை நியமித்தால் சரி. யார் அங்கீகாரம் பெற்றவர் என்று வி.ஏ.யின் இணையத்தளத்திலேயே பெயரைப் போட்டுத் தேடலாம்.

இனி உரிமைக்கு வருவம். 2022 ஓகஸ்ட் 10-ல் பாக்ட் சட்டம் வந்தது. படை முகாம்களில் குப்பை, பிளாஸ்ரிக், எரிபொருள் எல்லாவற்றையும் திறந்த குழியில் போட்டு எரித்த புகையைச் சுவாசித்தவர்களுக்கான சட்டம். 1990 ஓகஸ்ட் 2-க்குப் பிறகு ஈராக், குவைத், சவூதி, பஹ்ரைன், கட்டார், ஓமான், ஐக்கிய அரபு அமீரகம், சோமாலியா ஆகிய இடங்களில் சேவை செய்தவருக்கும், 2001 செப்டெம்பர் 11-க்குப் பிறகு ஆப்கானிஸ்தான், யோர்தான், சிரியா, லெபனான், எகிப்து, யெமன், உஸ்பெகிஸ்தான், ஜிபூட்டியில் சேவை செய்தவருக்கும் இனப்பெருக்க உறுப்புப் புற்றுநோய் எது வந்தாலும் அது சேவையால் வந்தது என்றே வி.ஏ. எடுத்துக்கொள்ள வேண்டும். புரோஸ்டேட் அதற்குள் அடங்கும். படையை விட்டு எத்தனை வருடம் கழிந்தது என்ற கேள்வி இதில் இல்லை. “புகையால்தான் வந்தது” என்று டாக்டரிடம் கடிதம் வாங்கவும் தேவையில்லை. மாமா அந்த நாட்டில் இருந்தார், நோய் உறுதியாகியிருக்கு, விடுவிப்பு அவமானத்துக்குரியதல்ல: இவ்வளவையும் காட்டினால் போதும்.

அங்கே இருந்ததைக் காட்டுவது டி.டி. 214 என்ற படை விடுவிப்புச் சான்று. அதில் வெளிநாட்டுச் சேவை என்று மாதக் கணக்கு மட்டும் இருந்து நாட்டின் பெயர் இல்லாவிட்டால், ஈராக் போர்ப் பதக்கம், அனுப்பிய உத்தரவுக் கடிதம், அந்த மாதங்களின் சம்பளத் துண்டு இதில் ஏதாவது ஒன்றைச் சேர்த்து வையுங்கோ. டி.டி. 214 தொலைந்திருந்தால் எஸ்.எஃப். 180 படிவத்தில் சென்ற் லூயிஸ் ஆவணக் காப்பகத்திடம் கேட்கலாம்.

ஆனால் இதெல்லாம் சேரும் வரை காத்திருக்க வேண்டாம். இண்டைக்கே 21-0966 படிவத்தைப் போடுங்கோ. “விண்ணப்பிக்கப் போகிறேன்” என்ற அறிவித்தல் மட்டும்தான் அது, சின்ன வேலை. வி.ஏ. தளத்தில் 21-526ஈஇசட் என்ற முழு நட்டஈட்டு விண்ணப்பத்தைத் தொடங்கிச் சேமித்தாலும் அதே பலன். அந்தத் திகதியில் இருந்து ஒரு வருடத்துக்குள் முழு விண்ணப்பத்தைக் கொடுத்தால், காசு கணக்கு அறிவித்தல் போட்ட நாளில் இருந்தே ஓடும். நோய் செயலில் இருக்கும்போது இயலாமை மதிப்பீடு 100 வீதம், மாதக் காசு அந்த வீதத்தை வைத்துத்தான். 2025-ம் ஆண்டு அட்டவணையில் தனியாளுக்கு மாதம் 3,831.30 டொலர், மனைவி இருந்தால் அதற்கு மேல். எல்லாக் கடதாசியும் சேரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிற ஒவ்வொரு மாதமும் அவ்வளவு காசு போகிறது, அது பிறகு திரும்பி வராது.

ஓர்ஸ்ஹில் வாசி:

ஆஸ்பத்திரிக் கடதாசி பற்றிச் சொல்றன். இலங்கை ஆஸ்பத்திரிப் பதிவுகளை ஏற்பார்கள். பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுவதால் மொழிபெயர்ப்புச் செலவும் இல்லை. சிக்கல் வேறு இடத்தில்.

ஒன்று, பெயர். கிளினிக் கொப்பியில் தகப்பன் பெயரின் முதலெழுத்தும் ஆளின் பெயருமாக எழுதியிருப்பார்கள். டி.டி. 214-ல் தகப்பன் பெயர் குடும்பப் பெயராக முழுதாய் நிற்கும். அங்கே கோப்பு பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே ஆள் என்று தெரிய வழியில்லை. அடுத்த கிளினிக்கிலேயே அமெரிக்கக் கடவுச்சீட்டைக் காட்டி அதில் உள்ளபடி முழுப் பெயரையும் பிறந்த திகதியையும் எழுதச் சொல்லுங்கோ. பழைய றிப்போட்களுக்கு, “இந்தப் பெயரும் நானே” என்று 21-4138 படிவத்தில் மாமா கையெழுத்து வைத்துக் கொடுக்கலாம்.

மற்றது திகதி. இங்கே 05/03 என்றால் மார்ச் 5. அமெரிக்கர் அதை மே 3 என்று வாசிப்பார். சிகிச்சை முடிந்த நாளை வைத்துத்தான் பிறகு எல்லாம் கணக்கிடப்படும், ஆகவே இரண்டு மாதம் பிசகினால் அது சின்ன விசயமில்லை. டாக்டர் கடிதம் எதிலும் மாதத்தை எழுத்தில் போடச் சொல்லிக் கேளுங்கோ.

டயக்னோசிஸ் கார்ட் மட்டும் அனுப்பினால் போதாது. அரைப் பக்கத்தில் சுருக்கெழுத்தாய் இருக்கும், நோயின் பெயரும் மருந்தும் தவிர ஒன்றும் இராது. கட்டாயம் வேண்டியது பயொப்சியின் திசுப் பரிசோதனை றிப்போட், கிளீசன் எண்ணோடு. அதோடு பி.எஸ்.ஏ. முடிவுகள் திகதி வரிசையில், எம்.ஆர்.ஐ., எலும்பு ஸ்கான், ஹோர்மோன் ஊசியின் பெயர், அளவு, போட்ட திகதிகள். வார்டில் தங்கியிருந்தால் கட்டில் தலைப்புச் சீட்டு (வார்டில் எழுதிய சிகிச்சைப் பதிவு) ஆஸ்பத்திரிப் பதிவறையில் இருக்கும். எழுத்தில் விண்ணப்பித்து உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். கிளினிக் கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கான் பண்ணி வையுங்கோ. மகரகம, மட்டக்களப்பு, தெல்லிப்பழை என்று எங்கு போனாலும் நோயாளியின் கையோடு போகிற ஒரே பதிவு அதுதான். மழையில் நனைந்தால் மாற்றுப் பிரதி கிடையாது.

சிறுநீரக சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரிடம் டி.பி.கியூ. என்ற வி.ஏ.யின் கேள்விப் படிவத்தை நிரப்பி வாங்க முடிந்தால் நல்லது. வி.ஏ. தளத்தில் புரோஸ்டேட் புற்றுநோய்க்கென்று தனியாக இருக்கு, இலவசமாய் இறக்கலாம். டாக்டருக்கு நேரம் கிடைப்பது கஷ்டம். ஆகவே பெயர், திகதி, பரிசோதனை முடிவுகளை ஒரு தனித்தாளில் எழுதிக்கொண்டு போங்கோ, அவர் பார்த்து நிரப்பட்டும். பெட்டிகளில் ஒன்றும் வெறுமையாய் விடக் கூடாது. கையெழுத்து, முத்திரை, இலங்கை மருத்துவ சபைப் பதிவு இலக்கம் மூன்றும் இருக்க வேணும். அதை வி.ஏ. போதுமென்று ஏற்றால் தனிப் பரிசோதனை கேட்காமலே தீர்க்கலாம். ஏற்காவிட்டால் ஒப்பந்தக்காரர் மூலம் பரிசோதனைக்குத் திகதி தருவார்கள். அந்த அழைப்பைத் தவறவிட வேண்டாம். போக முடியாவிட்டால் திகதிக்கு முன்னரே எழுதி மாற்றக் கேளுங்கோ.

அனுப்புவது தபாலில் வேண்டாம். வி.ஏ. தளத்தில் ஏற்றுங்கோ, ஏற்றியதற்கான உறுதிப் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கோ.

உப்புவெளித் தம்பி:

மிக்க நன்றி. 21-0966 போட்டாச்சு. கதிர்ச் சிகிச்சை முடிந்த பிறகு அந்த 100 வீதம் என்னாகும்? நின்றுவிடுமா?

கோணமலை:

தானாக நிற்காது. ஆனால் கனபேர் கோட்டை விடுகிற இடம் இதுதான், வடிவாகக் கேளும்.

வி.ஏ.யின் மதிப்பீட்டு அட்டவணையில் இந்த நோய்க்கான விதி எண் 7528. சத்திரசிகிச்சை, கதிர், கீமோ அல்லது வேறு சிகிச்சை எதுவானாலும் அது முடிந்த பிறகும் 100 வீதம் தொடரும். முடிந்து ஆறு மாதம் கழிய வி.ஏ. கட்டாயம் ஒரு பரிசோதனை வைக்கும். நோய் திரும்பவில்லை, பரவவில்லை என்றால் அதற்குப் பிறகு புற்றுநோய்க்கு மதிப்பீடு இல்லை, அது விட்டுச் சென்ற பாதிப்புக்குத்தான். சிறுநீர் கழிப்பதில் உள்ள பாதிப்பு, சிறுநீரகப் பாதிப்பு இரண்டில் எது கூடுதலோ அதை வைத்துக் கணக்கிடுவார்கள்.

சிறுநீர் கசிவுக்கு, உறிஞ்சும் துணி அல்லது பாட் நாளொன்றுக்கு இரண்டு தடவைக்குக் குறைவாக மாற்ற வேண்டியிருந்தால் 20 வீதம், இரண்டு முதல் நான்கு தடவை என்றால் 40, நான்குக்கு மேல் போனாலோ சிறுநீர் சேகரிக்கும் சாதனம் பாவித்தாலோ 60. கசிவில்லாமல் அடிக்கடி போகிறவருக்கு: பகலில் இடைவெளி ஒரு மணித்தியாலத்துக்குக் குறைவு, அல்லது இரவில் ஐந்து தடவையோ அதற்கு மேலோ எழும்புதல் என்றால் 40. இரவில் மூன்று நான்கு தடவை என்றால் 20, இரண்டு தடவை என்றால் 10. அடைப்பு ஏற்பட்டு கதீற்றர் போட வேண்டியிருந்தால் 30. இவற்றில் கூடியது ஒன்றைத்தான் எடுப்பார்கள், கூட்ட மாட்டார்கள்.

2025 அட்டவணையில் 40 வீதத்துக்கு மாதம் 774.16 டொலர், 60-க்கு 1,395.93. இரண்டுக்கும் நடுவே இருப்பது பாட் மாற்றும் எண்ணிக்கை ஒன்றுதான். அந்த எண்ணிக்கை கிளினிக் கொப்பியில் எழுதப்பட்டிருக்க வேணும்.

ஆறு மாத மணிக்கூடு எப்போது தொடங்கும் என்பதையும் கவனியுங்கோ. கதிர் முடிந்த பிறகும் ஹோர்மோன் ஊசி தொடர்ந்தால், அது நோய்க்கான சிகிச்சையாகவே போடப்படுகிறது என்று டாக்டர் எழுதியிருந்தால், சிகிச்சை இன்னும் முடியவில்லை என்று வாதிடலாம். “பின்தொடர்தல்” என்று மட்டும் கொப்பியில் இருந்தால் வி.ஏ. சிகிச்சை முடிந்ததாய் எடுத்துக்கொள்ளும். டாக்டரிடம் பொய் எழுதச் சொல்லவில்லை. என்ன நோக்கத்துக்கு ஊசி, எவ்வளவு காலத்துக்கு என்பதைத் தெளிவாய் எழுதச் சொல்றன். சத்திரசிகிச்சையோ கதிரோ இல்லாமல் பி.எஸ்.ஏ. மட்டும் பார்த்துக்கொண்டு கண்காணிப்பில் இருப்பவருக்கும் நோய் உள்ளே இருக்கும் வரை 100 வீதம்தான். “சிகிச்சை இல்லை” என்று நினைத்து விண்ணப்பிக்காமல் இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லி வையுங்கோ.

குறைக்க நினைத்தால் வி.ஏ. முதலில் முன்மொழிவுக் கடிதம் அனுப்பும். விசாரணை கேட்க 30 நாள், புதிய ஆதாரம் கொடுக்க 60 நாள். அந்த நாட்கள் கடிதத்தின் திகதியில் இருந்து ஓடும், திருகோணமலைத் தபாற்கந்தோருக்கு வந்து சேரும் நாளில் இருந்து அல்ல. கடிதம் கையில் கிடைக்கும்போது பாதி நாள் போயிருக்கலாம். கிழமைக்கு ஒருமுறையாவது வி.ஏ. கணக்கைத் திறந்து பாருங்கோ, வீட்டு முகவரி மாறினால் உடனே திருத்துங்கோ.

பாலையூற்று:

கோணமலை அண்ணா சொன்ன எண்ணிக்கையை எப்படிப் பதிவு செய்வது என்று மட்டும் சொல்றன். எங்கட ஆம்பிளையள் டாக்டர் “எப்படி இருக்கு” என்று கேட்டால் “பரவாயில்லை” என்பார்கள். அந்த ஒரு சொல் கொப்பியில் ஏறினால், பிறகு எவ்வளவு விளக்கினாலும் கொப்பியைத்தான் நம்புவார்கள்.

மாமி ஒரு சி.ஆர். கொப்பி எடுத்து நாலு கோடு போடட்டும்: நேரம், சிறுநீர் போனது, பாட் அல்லது துணி மாற்றியது, நித்திரையால் எழும்பியது. ஒரு முழுக் கிழமை விடாமல் எழுதி, கிளினிக்குக்குக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டி அந்தத் தொகையைக் கொப்பியில் எழுத வைக்க வேணும். ஒவ்வொரு கிளினிக்குக்கும் இப்படி. கணக்கு மாற்றும் தடவைக்குத்தான், வாங்கும் பெட்டிக்கு அல்ல.

இங்க நிறையப் பேர் பாட் விலைக்காகப் பழைய சாரத்தைக் கிழித்து மடித்து வைக்கிறார்கள், அதைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள். விதியில் இருப்பது “உறிஞ்சும் பொருள்” என்ற சொல், கடைப் பாட் என்று இல்லை. துணியையும் எண்ணிச் சொல்லுங்கோ. ஆணுறை வடிவக் குழாயும் பையும் பாவித்தால் அது சாதனம், தனியாய்க் குறிப்பிடுங்கோ. தண்ணீர் குடிப்பதைக் குறைத்து எண்ணிக்கையைக் குறைக்கிற பழக்கமும் உண்டு, வெளியூர் பஸ்ஸில் போகும் நாளில் முக்கியமாய். அந்த நாளைக் கணக்கில் சேர்த்தால் ஒரு குறிப்போடு சேருங்கோ. நம்முடைய வெயிலில் தண்ணீரைக் குறைப்பது உடம்புக்கும் கூடாது.

மாமி பார்த்ததை 21-10210 படிவத்தில் தன் வாக்குமூலமாய் எழுதலாம். படுக்கை விரிப்பு மாற்றுவது, கோயிலுக்கோ கலியாண வீட்டுக்கோ போகாமல் விட்டது எல்லாம் எழுதலாம். தமிழில் எழுதினால் உறுதிப்படுத்திய ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்ப்பது நல்லது.

இன்னும் ஒன்று, பேசக் கூச்சமான விசயம்தான். ஆண்மைக் குறைவு சத்திரசிகிச்சையாலோ கதிராலோ ஹோர்மோன் ஊசியாலோ வந்தால் அதைத் தனியாக விண்ணப்பத்தில் எழுத வேணும். மதிப்பீடு 0 வீதமாக இருந்தாலும், உறுப்புப் பயன் இழப்புக்கென்று எஸ்.எம்.சி. கே என்ற தனித் தொகை உண்டு. 2025-ல் மாதம் 136.06 டொலர், மற்ற மதிப்பீட்டுக்கு மேல். கதிருக்குப் பிறகு மலம் கசிவது, இரத்தம் போவது, ஊசியால் எலும்பு தேய்வது, மனச்சோர்வு எல்லாம் புற்றுநோயின் தொடர் பாதிப்பாய்க் கேட்கலாம். ஆனால் டாக்டர் காரணத்தை எழுதியிருக்க வேணும்.

சீனக்குடா:

இடையில் கேட்கிறேன், மன்னிக்கவும். பெரியப்பா முறையான ஒருவர் அமெரிக்கக் கடற்படைக் கப்பலில் வியட்நாம் போர்க்காலத்தில் இருந்தவர். கரையில் இறங்கவே இல்லை. அவருக்கும் இதே நோய். எரிகுழி அப்போது இல்லையே?

கோணமலை:

அவருக்கு வேறு கதவு: வியட்நாம் போரில் அமெரிக்கப் படை தெளித்த ஏஜென்ட் ஒரேஞ்ச் களைகொல்லி. அதனால் வந்தது என்றே வி.ஏ. எடுத்துக்கொள்ளும் நோய்களின் பட்டியலில் புரோஸ்டேட் புற்றுநோய் 1996-ல் இருந்து இருக்கு. வியட்நாமுக்கு 1962 ஜனவரி 9 முதல் 1975 மே 7 வரை. 2020 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்த நீலநீர்க் கடற்படைச் சட்டத்தால் கரையில் கால் வைக்காமல் 12 கடல் மைலுக்குள் கப்பலில் இருந்தவரும் சேர்த்தி. கப்பலின் பெயரும் திகதிகளும் கொடுத்தால் கப்பல் பதிவேட்டை வி.ஏ. பார்க்கும். பாக்ட் சட்டம் தாய்லாந்து முகாம்களையும் (1962 ஜனவரி 9 முதல் 1976 யூன் 30 வரை), குவாமையும் அதன் கடற்பரப்பையும் (1962 ஜனவரி 9 முதல் 1980 யூலை 31 வரை) சேர்த்தது. முன்பு ஒருமுறை மறுத்திருந்தால் 20-0995 படிவத்தில் மீண்டும் கேட்கலாம். புதிய விண்ணப்பம் போட வேண்டாம்.

ஓர்ஸ்ஹில் வாசி:

மாமியின் பக்கத்தையும் இப்பவே ஒழுங்குபடுத்துங்கோ. 30 வீதமோ அதற்கு மேலோ வந்தால் மனைவிக்கென்று கூடுதல் தொகை உண்டு, படிவம் 21-686சி. அமெரிக்காவுக்குள் இருப்பவர் சொல்லை வைத்தே ஏற்பார்கள். வெளிநாட்டில் இருப்பவர் விவாகச் சான்றிதழ் காட்ட வேணும். பதிவாளர் தரும் பிரதி தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலமாக்கி இரண்டையும் சேர்த்து அனுப்புங்கோ. மாமிக்கு சமூகப் பாதுகாப்பு இலக்கம் வழங்கப்படவில்லை என்றால் “வழங்கப்படவில்லை” என்று எழுதுங்கோ. கட்டத்தை வெறுமையாய் விட்டால் கோப்பு திரும்பி வரும்.

நோய் சேவையால் வந்தது என்று வி.ஏ. ஏற்ற பிறகு அவர்களின் வெளிநாட்டு மருத்துவத் திட்டத்திலும் பதியுங்கோ, படிவம் 10-7959எஃப்-1. இந்த நோய்க்காகத் தனியார் ஆஸ்பத்திரியில் கட்டும் காசை அவர்கள் திருப்பித் தருவார்கள். ஒவ்வொரு செலவையும் தனித்தனியாய்க் காட்டிய பில், நோயின் பெயர், டாக்டர் பெயர், கட்டிய பற்றுச்சீட்டு நான்கும் வேணும். மொத்தத் தொகை மட்டும் எழுதிய பில்லைத் திருப்பி அனுப்புவார்கள். இரண்டு வருடத்துக்குள் கேட்க வேணும். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு இல்லாததால் அங்கே கேட்க ஒன்றுமில்லை.

கடைசியாய்ச் சொல்வதற்கு மனம் வரவில்லை, ஆனாலும் தெரிந்திருக்க வேணும். இந்த நோயால் அவர் இறந்தால் மாமிக்கு டி.ஐ.சி. என்ற மாதக் கொடுப்பனவு உண்டு, 2025-ல் 1,653.07 டொலர், படிவம் 21பி-534ஈஇசட். ஒரு வருடத்துக்குள் கேட்டால் இறந்த மாதத்தின் முதலாம் திகதியில் இருந்து கணக்கு. இங்கே வீட்டில் நடக்கும் மரணத்தைக் கிராம சேவகரின் அறிக்கையை வைத்துப் பதிவார்கள், காரணம் என்ற இடத்தில் “மாரடைப்பு” என்றோ “முதுமை” என்றோ ஏறிவிடும். அந்த நேரத்தில் வீட்டில் ஒருவருக்கும் இதைப் பார்க்கத் தோன்றாது. ஆகவே மருத்துவச் சான்றிதழில் புரோஸ்டேட் புற்றுநோய் என்ற சொல் நேரடிக் காரணமாகவோ துணைக் காரணமாகவோ வர வேணும் என்பதைப் பிள்ளைகளில் ஒருவருக்கு இப்பவே சொல்லி வையுங்கோ. விண்ணப்பம் முடியும் முன் இறந்தால் அதே கோப்பை மாமி 21பி-0847 படிவத்தில் தன் பெயரில் தொடரலாம், அதற்கும் ஒரு வருடம்தான்.

உப்புவெளித் தம்பி:

மாமாவின் கிளினிக் கொப்பியை எடுத்துப் பார்த்தன். பெயர் முதலெழுத்தோடதான் இருக்கு, திகதிகள் எல்லாம் எண்ணில். வியாழன் கிளினிக், கடவுச்சீட்டோட போறம். டி.பி.கியூ. படிவத்தை எங்கட டாக்டர் மறுத்தால் என்ன செய்யிறது?

ஓர்ஸ்ஹில் வாசி:

மறுத்தால் கட்டாயப்படுத்த வேண்டாம். ஆஸ்பத்திரித் தாளில் ஒரு பக்கக் கடிதம் கேளுங்கோ: நோய், உறுதியான திகதி, கிளீசன், இப்போதைய நிலை, போகும் சிகிச்சை, தொடங்கிய திகதி. நோய் செயலில் இருக்கும்போது 100 வீதத்துக்கு அதுவும் பயொப்சி றிப்போட்டும் போதும். டி.பி.கியூ. உண்மையில் தேவைப்படுவது ஆறு மாதப் பரிசோதனை நேரத்தில்தான். அதற்குள் அதே டாக்டரோ வேறொருவரோ சம்மதிப்பார்.